காய்ப்பு ஏறிய கை

என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்துவிட்டு அத்தை உதட்டைப் பிதுக்கினாள். அவள் செத்து இருபத்தைந்து வருஷம் ஆகிறது. அந்த உதட்டை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

ஐம்பத்தெட்டாம் வருஷம் அது. பினாங்குக்கு அருகே பாடாங் மேஹா பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றில் இருந்தோம். எங்கள் அப்பாவின் தங்கையான அந்த அத்தை, தன் மூத்த மகன் பிச்சைக்குப் பெண் கேட்டு வந்திருந்தாள். வீட்டில் இரண்டு பெண்கள். மூத்தவள் இராசாத்தி, வயது இருபது. இளையவள் நான், காளியம்மா, வயது பதினெட்டு. கேட்க வந்தது மூத்தவளைத்தான். ஆனாலும் பக்கத்தில் நின்ற என் கையையும் இழுத்துப் பார்க்காமல் அவளுக்குத் தூக்கம் வராது போலிருக்கிறது.

எங்கள் குடும்பத்தில் பெண் பார்க்கிறவர்கள் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் கையைப் பார்ப்பார்கள். இராசாத்தியின் விரல் முட்டிகளில் பட்டாணி அளவில் முடிச்சுகள் இருந்தன. மஞ்சள் ஓடிய தோலுக்கு அடியில் கெட்டியாக உருளும். குதிகாலுக்கு மேலே நரம்பு கயிறு மாதிரி தடித்திருக்கும். அதற்கு நாங்கள் வைத்த பெயர் காய்ப்பு. உளி பிடித்துப் பால்மரம் சீவிச் சீவி வருவது, மேடும் பள்ளமும் ஏறி இறங்கிக் குதிகாலில் வருவது, உழைப்பாளிக்குச் சாமி கொடுத்த முத்திரை என்றெல்லாம் பேசிக்கொள்வார்கள். எங்கள் அப்பா இருளப்பனுக்கு அது இருந்தது. அண்ணன் பரஞ்சோதிக்கு இருந்தது. அத்தைக்கும் அவள் மகன்கள் பிச்சைக்கும் ராமையாவுக்கும் இருந்தது. எனக்கு இல்லை.

"இதென்னாடி, வெண்ணெ தடவுன மாதிரி இருக்கு. சோம்பேறிக் கை," என்றாள் அத்தை. இராசாத்தியின் முட்டிகளைத் தடவிக்கொண்டே, "எம்மவனுக்கு ஏத்த கை இது," என்றாள்.

இராசாத்தியும் நானும் ஒரே நாளில்தான் உளி பிடிக்கப் பழகினோம். அவளுக்கு எத்தனை மரமோ எனக்கும் அத்தனை மரம். விடியற்காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக் களத்தில் இரண்டு பேரும் ஒன்றாகத்தான் நின்றோம். அப்படியிருந்தும் நான் சோம்பேறி, அவள் உழைப்பாளி. அன்றைக்கு எவளாவது ஒருத்தி ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பதினாறு வருஷம் கழித்து இராசாத்தியே கேட்கும்வரை எங்கள் கூட்டத்தில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. தலை என்று ஒன்று எதற்கு இருந்ததோ தெரியாது.

அத்தை பெண் கேட்டு வருவதற்கு முன்பே அப்பா நாற்பத்தொரு வயதில் மலைக்காட்டில் பால் வாளிக்குப் பக்கத்தில் விழுந்து செத்திருந்தார். அத்தை ஐம்பதைத் தாண்டியதும் போனாள். இராசாத்தியைக் கட்டிய பிச்சை எழுபத்திரண்டாம் வருஷம், முப்பத்தொன்பது வயதில், பால் ஸ்டோர் வாசலில் சைக்கிளை நிறுத்தும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பிறகு எழுந்திருக்கவில்லை.

தோட்டத்து டிரெசர் வந்து பார்த்தான். மாத்திரை கொடுக்கிற, புண்ணுக்குக் கட்டுப் போடுகிற ஆள்தான். ஆனால் செத்தவனைப் பற்றி அவன் எழுதுவதுதான் எழுத்து. பிச்சையின் வாயை மோந்து பார்த்தான். அன்று திங்கட்கிழமை. முதல் நாள் ஞாயிறு, பிச்சை ஒரு மங்கு கள் குடித்திருந்தார். "கள்ளு" என்று எழுதிவிட்டுப் போய்விட்டான். எங்கள் அப்பாவுக்கும் அதைத்தான் எழுதியிருந்தான்.

என் வீட்டுக்காரரை எடுத்துக்கொள்ளுங்கள். கள்ளுக்கடைக் கதவு திறப்பதற்கு முன்னாலேயே வாசலில் நிற்கிற ஆள். கள் கிடைக்காத நாளில் சம்சு சாராயம். அவருக்கு இன்றுவரை நெஞ்சு வலி வந்ததில்லை. வயிற்றெரிச்சல் வருவதெல்லாம் எனக்குத்தான். இதைச் சொன்னால் டிரெசர், "உம் புருசனுக்கு எரும ஒடம்பு," என்று சிரித்தான். சிரிக்கிற வாயில் சீயக்காயை அள்ளிப் போடலாம் போல இருந்தது.

பிச்சை போனபோது இராசாத்திக்கு இரண்டு பெண்கள். பிரேமாவதிக்குப் பன்னிரண்டு, மருதம்மாளுக்கு ஒன்பது. சின்னவளை மருதி என்போம். குடிகாரன் பெண்டாட்டி, குடிகாரன் மக என்று லயத்தில் பேச்சு வந்தது. இராசாத்தி காலையில் மரத்துக்குப் போனாள், மதியம் திரும்பினாள்.

மருதிக்கு நாலு வயதிலேயே காய்ப்பு வந்திருந்தது. முழங்காலில், முழங்கையில், விரல் இடுக்கில், உட்காருகிற இடத்தில்கூட. கண்ணின் கருவிழியைச் சுற்றி வெள்ளை வளையம். இதைப் பார்த்து எங்கள் ஆட்கள் என்ன சொன்னார்கள் தெரியுமா? "பொறக்கும்போதே உழைப்பாளி. இவளக் கட்டப் போறவன் குடுத்து வெச்சவன்." நானும் சொன்னேன். சொன்ன வாயை நானே அடித்துக்கொள்ள வேண்டும்.

எழுபத்து நாலில் பள்ளிக்கூடத் திடலில் ஓடும்போது மருதி சுருண்டு விழுந்தாள். டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். அங்கே சிரில் என்று ஒரு டாக்டர். டவுனில் சர்ச்சுக்குப் போகிற வேதக்காரக் குடும்பத்துப் பையன், மேல்படிப்பு படித்துவிட்டுப் புதிதாக வந்திருந்தான். மருதியின் முழங்காலைத் தடவினான், கண்ணில் விளக்கு அடித்துப் பார்த்தான், பிறகு எங்கள் பக்கம் திரும்பினான்.

"அக்கா, இந்தக் கட்டி வேற யாருக்கு இருக்கு?"

இராசாத்தி தன் முட்டிகளைக் காட்டினாள். "இது கட்டி இல்லீங்க டாக்டரய்யா. காய்ப்பு. மரம் சீவுறதால வர்றது."

"பாப்பா மரம் சீவுனாளா?"

மருதிக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்த கரண்டி இராசாத்தி கையில் இருந்தது. அதை உளி பிடிப்பது மாதிரி பிடித்துப் பார்த்தாள். ஒரு தடவை காற்றில் சீவிக்கூடப் பார்த்தாள். அப்புறம் கையைப் புரட்டினாள்.

"காளி, இங்க பாரு," என்றாள் என்னிடம். "உளி அழுத்துறது உள்ளங்கையில. முடிச்சு இருக்கறது பொறங்கையில. அழுத்தாத எடத்துல எப்படிலா காய்க்கும்?"

அவ்வளவுதான் கேள்வி. தினம் தினம் உளி பிடிக்கிற ஒரு பரம்பரைக்குத் தெரிந்திருக்க வேண்டியது. மூன்று தலைமுறையாக அதைப் பார்த்துக்கொண்டே பெண் எடுத்தோம், பெண் கொடுத்தோம்.

சிரில் மருதியின் இரத்தத்தையும் இராசாத்தியின் இரத்தத்தையும் எடுத்து அனுப்பினான். இரத்தத்தில் ஓடுகிற கொழுப்பை அளக்கிற சோதனை. சாதாரண ஆளுக்கு இருநூறைச் சுற்றி இருக்குமாம். இராசாத்திக்கு நானூறு. மருதிக்கு எண்ணூறைத் தாண்டியிருந்தது. அந்தக் கொழுப்புதான் நரம்பில் படிந்து முடிச்சாகிறது, இருதயத்துக்குப் போகிற குழாயிலும் படிந்து அடைக்கிறது என்று சொன்னான். மருந்து உண்டா என்று கேட்டோம். அப்போது இருந்த மருந்து எதுவும் இந்த அளவுக்குத் தாங்காது என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். மூன்று வாரத்தில் மருதி போய்விட்டாள். பதினொரு வயது.

காரியம் முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை சிரில் தன் காடியை ஓட்டிக்கொண்டு ஐஸ் பெட்டியோடு லயத்துக்கு வந்தான். குடும்பத்தில் எல்லாருடைய இரத்தமும் வேண்டும் என்றான். எங்கள் அண்ணன் பரஞ்சோதி கோயில் தலைவர். அவர் முறைத்துக்கொண்டே கையை நீட்டினார். முப்பது பேர் கொடுத்திருப்போம். பிச்சையின் தம்பி ராமையா மட்டும் கதவைச் சாத்திக்கொண்டார். "ரத்தத்த எடுத்து வெள்ளக்காரனுக்கு விக்கறானுங்க," என்று உள்ளேயிருந்து கத்தினார். அவர் வீட்டில் ஒருவரும் கொடுக்கவில்லை.

"குடும்பத்துல யார் யாருக்குப் பொறந்தாங்க, யார் எப்ப செத்தாங்கன்னு எனக்கு எழுதித் தரணும் அக்கா," என்றான் சிரில், இரத்த முடிவுகளோடு அடுத்த மாதம் திரும்பி வந்தபோது. எழுத யாருக்கு வந்தது? இராசாத்தி எழுந்து போய் ஒரு டின் நிறைய ரப்பர் விதையும், அடுப்படியிலிருந்து புளியங்கொட்டையும் கொண்டு வந்தாள். வீட்டு முன் சிமெண்டுத் தரையைக் கூட்டினாள். காய்ப்பு உள்ளவருக்கும் இரத்தத்தில் கொழுப்பு ஏறியவருக்கும் ரப்பர் விதை. இல்லாதவருக்குப் புளியங்கொட்டை. கப்பலில் வந்த தாத்தாவிலிருந்து தொடங்கி, புருஷன் பக்கம் பெண்டாட்டியை வைத்து, பிள்ளைகளைக் கீழே வரிசையாக வைத்தாள். கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் ஒன்று விடாமல் போன பெண்பிள்ளைக்கு இது ஒரு வேலையே இல்லை. ராமையா வீட்டுக்கு வந்ததும் அவருக்கு ஒரு ரப்பர் விதை வைத்தாள். அவருடைய மகள் ராக்காயியின் இடத்தில் ஒன்றும் வைக்கவில்லை. "சின்னப் புள்ள. இன்னும் தெரியல," என்று வெறுமையாக விட்டாள்.

பிறகு ஐம்பது வயதுக்குள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு செத்தவர்களையெல்லாம் ஒரு விரலால் கொஞ்சம் மேலே தள்ளினாள். ஒன்பது பேர். ஒன்பதும் ரப்பர் விதை. புளியங்கொட்டையில் ஒன்றுகூட நகரவில்லை.

சிரில் குனிந்தபடியே இருந்தான். இராசாத்தி விடவில்லை. உப்புச் சட்டியை எடுத்து வந்தாள். குடிக்கிறவர்கள் தலையில் எல்லாம் ஒரு உப்புக்கல். உயிரோடு இருக்கிறவர், செத்தவர், எல்லாருக்கும். வைத்து முடித்தபோது ரப்பர் விதையிலும் உப்பு இருந்தது, புளியங்கொட்டையிலும் உப்பு இருந்தது. என் வீட்டுக்காரருக்கு இரண்டு கல் வைத்தாள்.

"டிரெசர் கள்ளுன்னு எழுதினான்," என்றாள். "கள்ளுன்னா இந்தப் பக்கமும் செத்திருக்கணுமில்ல?"

சிரில் சொன்னதை நான் அப்படியே சொல்கிறேன். "பெரிய பெரிய டாக்டருங்களே இன்னும் இதுக்குத்தான் சண்ட போட்டுக்கிட்டு இருக்காங்க அக்கா. ரத்தக் கொழுப்பு ஹார்ட்ட கெடுக்குதா, இல்ல குடி, சிகரெட், சாப்பாடு இதெல்லாம் சேர்ந்து ரெண்டையும் கொண்டாருதா? ஊர்ல கண்டவங்கள புடிச்சு கேட்டா தெரியாது. ஒவ்வொருத்தர் பொழப்பு ஒவ்வொரு மாதிரி. ஆனா ஒரே வீட்டு அண்ணன் தங்கச்சி? ஒரே பானைச் சோறு. ஒரே வேல. அப்பன் ஆத்தாகிட்டேருந்து ஒருத்தருக்கு இது வருது, ஒருத்தருக்கு வரல. நல்லவனா கெட்டவனா, குடிப்பானா மாட்டானான்னு கேட்டுக்கிட்டு வர்றதில்ல. கருவுலயே சீட்டு விழுந்துடுது. அந்தச் சீட்டு விழுந்தவங்க மட்டும் இப்படி சாகுறாங்கன்னா, கொழுப்புதான் காரணம்னு சொல்லலாம். உங்க ஒரு குடும்பம் மட்டும் போதாது. ஆனா இந்த மாதிரி குடும்பங்கள வெச்சுத்தான் இதக் கண்டுபுடிக்கணும்."

நானும் இராசாத்தியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எனக்குச் சீட்டு விழவில்லை. அவளுக்கு விழுந்தது. வேறு ஒரு வித்தியாசமும் இல்லை.

"அப்ப மருதி?" என்றாள் இராசாத்தி. "எனக்கும் இருக்கு, அதுங்கப்பாவுக்கும் இருந்துச்சு. நாங்க இத்தன வயசு இருந்தோமே. அவ ஏன் பதினொண்ணுல போனா?"

சிரில் டின்னிலிருந்து இன்னொரு ரப்பர் விதையை எடுத்து மருதியின் விதைக்குப் பக்கத்தில் வைத்தான். "அப்பாகிட்டேருந்து ஒண்ணு. உங்ககிட்டேருந்து ஒண்ணு. ஒண்ணு வாங்குனவங்க நாப்பது அம்பது வரைக்கும் ஓட்டலாம். ரெண்டும் வாங்குன புள்ள பெருசாகறதே கஷ்டம்."

"நாந்தான் குடுத்தேனா?"

"தெரிஞ்சா குடுத்தீங்க அக்கா?"

"இனிமே தெரியுமில்ல," என்றாள்.

பிரேமாவதியின் இரத்தம் முன்னூற்றெண்பது என்று வந்திருந்தது. அவளுக்கும் ஒரு விதை. பரஞ்சோதி அண்ணனுக்கு ஒரு விதை. அண்ணனுடைய ஒரே மகனுக்கு ஒரு விதை. அவனுக்கு எங்கள் அப்பாவின் பெயர், இருளப்பன். மாமன் மகன், பிரேமாவதிக்கு முறை மாப்பிள்ளை. அவள் பிறந்தபோதே அண்ணன் வந்து, "இவ என் மருமக," என்று சொல்லிவிட்டுப் போனவர். அன்றைக்கே இராசாத்தி சிமெண்டுத் தரையில் அந்த இரண்டு விதைகளைப் பார்த்தாள் என்று நினைக்கிறேன். அதற்குப் பிறகு அவள் உயிரோடு இருந்தது அந்த இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வராமல் பார்த்துக்கொள்ளத்தான்.

சிரில் வேறு மாநிலத்துக்கு மாற்றலாகிப் போனான். போகும்போது ஒரு கடிதம் எழுதி இராசாத்தியிடம் கொடுத்தான். காய்ப்பு உள்ள இருவர் கல்யாணம் செய்துகொள்ளக் கூடாது என்று தமிழில் எழுதியிருந்தான். அதை அவள் அண்ணனிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். அண்ணன் படித்துவிட்டு, "வேதக்காரன் நம்ம சொந்தத்தப் பிரிக்கப் பாக்கறான்," என்று திருப்பிக் கொடுத்தார்.

எண்பத்தொன்றில் இருளப்பனுக்கு இருபத்து நாலு வயது. சுங்கை பட்டாணியில் மின்சாரப் பொருள் செய்கிற கம்பெனியில் வேலை. பிரேமாவதிக்கு அவன் மேல் ஆசை இருந்தது. அதை மறைத்தால் நான் பொய்க்காரி. இராசாத்தி எட்டு மாதம் வேண்டாம், வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அண்ணன் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. நாள் குறித்து, பத்துத் தட்டு எடுத்து, பரிசம் போடக் கூட்டத்தோடு வந்து வீட்டில் இறங்கிவிட்டார். மாமன் உரிமையாம். தங்கச்சி எழுந்து கதவைச் சாத்தவா போகிறாள் என்ற தைரியம்.

சபை கூடியது. பூசாரி, ஆள்களை வேலை வாங்குகிற பெரிய தண்டல், லயத்துப் பெரிய மனுஷர்கள், எல்லாரும் பாயில். அண்ணன் வெற்றிலைத் தட்டை நீட்டினார். இராசாத்தி வாங்கவில்லை.

"அண்ணே, மருதிய நீங்கதான் குழியில எறக்குனீங்க. மறந்துட்டீங்களா?"

"நல்ல காரியத்துல என்ன பேச்சு பேசுற," என்றார் அண்ணன். "காய்ப்பு இருக்கறவன் நோயாளியா? அப்ப நம்ம அப்பன் நோயாளியா? மரம் சீவுன கைலா அது."

நான் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தேன். "சபையில வேணாங்க்கா," என்றேன். அவள் என் கையைத் தட்டிவிட்டு இருளப்பனுக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள். அவன் கையை எடுத்து வெற்றிலைத் தட்டின் மேல் குப்புற வைத்தாள். விரல் முட்டிகளில் முடிச்சுகள் அப்போதுதான் புடைக்க ஆரம்பித்திருந்தன.

"தம்பி, நீ எங்க வேல செய்யற?"

"கம்பெனியிலங்க அத்த."

"என்னா வேல?"

"சின்னச் சின்னக் கம்பிய ஒட்டற வேல. ஏர்கோன்லதான்."

"உளி புடிச்சிருக்கியா?"

"இல்லீங்க."

"ஒரு நாளாச்சும்?"

"இல்லீங்க அத்த."

"அப்ப எந்த மரத்தச் சீவி இது வந்துச்சு?"

பெரிய தண்டல் தன் கையைப் பார்த்துக்கொண்டார். முப்பது வருஷம் மரம் சீவிய கை, புறங்கை வழவழவென்று இருந்தது. இருளப்பன் தட்டிலிருந்து கையை எடுக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். அண்ணன்தான் எழுந்தார். தட்டைக் காலால் தள்ளினார். "எம்மவனச் சபையில வெச்சு நோயாளின்னுட்ட. ஒன் வாசப்படி மிதிச்சா நான் பரஞ்சோதி இல்ல," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். கூட்டமும் பின்னாலேயே போனது. பிரேமாவதி உள்ளே அழுதாள். இராசாத்தி கொட்டிக் கிடந்த பாக்கைப் பொறுக்கினாள்.

அதற்குப் பிறகு லயத்தில் அவளோடு பேசுகிறவர்கள் குறைந்தார்கள். தண்ணீர்க் குழாயடியில் பெண்கள் குடத்தை நகர்த்திக்கொண்டார்கள். சொந்தத்தை அறுத்தவள், மகளைச் சீனனுக்குக் கொடுக்கப் போகிறாள் என்றார்கள். சீனனுக்கு இல்லை, பண்டார் பாருவில் இருந்த மரியராஜ் என்கிற, கணக்கு எழுதுகிற வேதக்காரக் கிராணிக்குக் கொடுத்தாள். கேட்டு வந்த அன்றே அவனிடம், "ரத்தம் சோதிச்சுட்டு வாங்க தம்பி," என்றாள். அவன் சிரித்துக்கொண்டே போய்ச் சோதித்து வந்தான். நூற்றெண்பது. அதைக் கேட்டு அவள் முகத்தில் வந்த சிரிப்பை மருதி போனதிலிருந்து நான் பார்த்ததில்லை.

அண்ணன் வீட்டில் சும்மா இருப்பார்களா? தங்கச்சி மூஞ்சியில் கரி பூச வேண்டும். பரிசம் முறிந்து இரண்டு மாதத்தில் இருளப்பனுக்குப் பெண் பார்த்துவிட்டார்கள். யாரை? ராமையாவின் மகள் ராக்காயியை. அதுவும் முறைதான். சிமெண்டுத் தரையில் வெறுமையாக விட்ட அந்த இடம்.

இராசாத்தி பத்திரிகை இல்லாமலே சேதி கேட்டு என் வீட்டுக்கு வந்தாள். "தைப்பூசத்துக்கு அந்தப் பொண்ணு வெறுங்கால்ல நடந்துச்சு. நான் பின்னாலயே போனேன். குதிகால் நரம்பு தடிச்சிருக்கு காளி. நான் போனா அடிச்சு வெரட்டுவாங்க. நீ அவனுக்கு இன்னொரு அத்த, ஒன்ன யாரும் தடுக்க மாட்டாங்க. தனியாக் கூப்புட்டு, பொண்ணு குதிகாலப் பாருன்னு மட்டும் சொல்லு. அப்புறம் அவன் இஷ்டம்."

நான் போனேன். கல்யாணம் முடிந்து திரும்பி வந்து, "சொன்னேங்க்கா, காதுல போட்டுக்கல," என்றேன். அவள் தலையாட்டினாள். "ஆம்பளைக்கு எங்க காது," என்றாள்.

எண்பத்து நாலில் அண்ணன் கோயில் மண்டபத்தில் மணி அடித்துக்கொண்டிருக்கும்போதே விழுந்தார். கள்ளை மோந்துகூடப் பார்க்காதவர். அதே டிரெசர் வந்தான். வாயை மோந்தான், திருநீற்று வாசம்தான் வந்தது. எழுத ஒன்றும் கிடைக்காமல், "திடீர் மரணம்" என்று எழுதினான். இராசாத்தி வாசலுக்கு வெளியே வெயிலில் நின்று அழுதாள். உள்ளே கூப்பிட ஒருவரும் இல்லை. அண்ணி சாப்பாட்டுப் பந்தியில் என்னை மட்டும் உட்காரவைத்தாள்.

எண்பத்தேழில் ஒரு சனிக்கிழமை காலை, நான் இராசாத்தி வீட்டில் இருந்தேன். அவளுக்கும் நெஞ்சில் வலி வர ஆரம்பித்திருந்தது. மேடு ஏற முடியாமல் பால் ஸ்டோரில் கூட்டுகிற வேலைக்கு மாறியிருந்தாள். வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. இருளப்பன். ஆறு வருஷத்தில் முதல் தடவையாக அந்தப் படியில் கால் வைக்கிறான். முன்னால் ஐந்து வயதுப் பெண் குழந்தை.

அவன் குழந்தையை இறக்கி, கவுனை முழங்காலுக்கு மேலே தூக்கிக் காட்டினான். மருதிக்கு இருந்த அதே இடம். முழங்கையைத் திருப்பினான். அங்கேயும் இருந்தது. குழந்தையின் கருவிழியைச் சுற்றி வெள்ளையாக ஒரு வளையம். கோழிக்குஞ்சைத் துரத்தப் பார்த்தது, நாலு எட்டு வைத்து நின்று மூச்சு வாங்கியது.

இராசாத்தி அலமாரிக்கு அடியிலிருந்து அந்த டின்னை எடுத்தாள். ஓட்டுப் பளபளப்பு போன பழைய விதைகள். இரண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள். தரையில் வைக்க அவளுக்கு மனம் வரவில்லை. திரும்ப டின்னில் போட்டு மூடினாள்.

"அன்னிக்கு சபையில நீங்க சொன்னது என் மனசுலயேதான் இருந்துச்சு அத்த," என்றான் இருளப்பன். "அப்பா மேல இருந்த பயத்துல பேசாம நின்னேன். ஆனா ராக்காயி கால்லயும் இருக்குன்னு எனக்குத் தெரியாது. ராமையா மாமா ரத்தம் குடுக்கலயே. கல்யாணத்தன்னிக்கு காலைல வரைக்கும் எனக்கு மனசு சரியில்ல. ஒருத்தராச்சும், ஒரே ஒருத்தராச்சும் வந்து சொல்லியிருந்தா நான் தாலி கட்டியிருக்க மாட்டேன். சத்தியமா கட்டியிருக்க மாட்டேன்."

இராசாத்தி என்னைப் பார்த்தாள்.

டிரெசரைத் திட்டினேன், அத்தையைத் திட்டினேன், ராமையாவை, அண்ணனை, லயத்தையே திட்டினேன். இத்தனை நேரம் உங்களிடமும் அதைத்தான் செய்தேன். என்ன நடந்தது என்று இப்போது சொல்கிறேன். அந்தக் கல்யாண வீட்டுக்கு முதல் நாளே போனேன். அண்ணி வாசலுக்கே வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "இந்த வீட்டுக்கு இனிமே நீ ஒருத்திதான் நாத்தனார்," என்றாள். தாலித் தட்டை என் கையில்தான் கொடுத்தார்கள், சபை முழுக்கச் சுற்றி வந்து ஆசீர்வாதம் வாங்க. சோம்பேறிக் கை என்று அத்தை ஒதுக்கிய கை. இருபத்து மூன்று வருஷத்தில் என் கையை ஒருவர் மதித்துப் பிடித்தது அன்றைக்குத்தான். மணவறையில் இருளப்பன் என்னை நிமிர்ந்து பார்த்தான், ஏதாவது சொல்வேனா என்பது மாதிரி. நான் தட்டை நீட்டினேன். அவன் தாலியை எடுத்தான். அப்புறம் பந்தியில் உட்கார்ந்து மூன்று தடவை பாயசம் வாங்கிக் குடித்தேன்.

"காளி, அன்னிக்கு நீ சொன்னியா?"

"இல்லக்கா," என்றேன்.

அவள் கத்துவாள் என்று காத்திருந்தேன். கன்னத்தில் அறைந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். சிரில் இப்போது பினாங்கில் இருப்பதாகச் சொன்னார்கள். புது மருந்து ஏதோ வரப்போகிறது என்று பேச்சு இருந்தது. அவள் அந்தப் பழைய கடிதத்தை எடுத்து இடுப்பில் செருகினாள். இருளப்பனிடம், மோட்டார் சைக்கிளில் குழந்தைக்குக் காற்று ஆகாது, நாங்கள் பஸ்ஸில் வருகிறோம், நீ முன்னால் போ என்றாள்.

அப்புறம் என்னைப் பார்க்காமலே, "புள்ளையத் தூக்கு," என்றாள். "என்னால தூக்கிக்கிட்டு மேடு ஏற முடியாது. பஸ்ஸு போயிடும்."

தூக்கினேன். பஸ் நிறுத்தம்வரை தூக்கிக்கொண்டு நடந்தேன். குழந்தையின் முழங்காலில் இருந்த முடிச்சுகள் என் உள்ளங்கையில் உறுத்திக்கொண்டே வந்தன.